வெள்ளை மாளிகையில் ஆள் மாறினால்...

2025 ஜூலை 30. மாலை 5.40 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது. அது சுமந்து சென்றது 'நிசார்' என்ற செயற்கைக்கோள். அமெரிக்காவின் நாசாவும் இந்தியாவின் இஸ்ரோவும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்து உருவாக்கியது. இரு நாட்டு நட்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அதே நாளில் அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் இன்னொரு செய்தியை வெளியிட்டார். இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீத வரி! ஒரு வாரம் கழித்து, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்காக மேலும் 25 சதவீதம் என்றார். ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 சதவீதம் ஆனது. இதே டிரம்ப்தான் 2020 பிப்ரவரியில் அகமதாபாத் மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன் நின்று இந்தியாவை வாயாரப் புகழ்ந்தவர்.

இந்தச் செய்தி டில்லியில் வெளியுறவுத் துறைக்குத் தலைவலி. திருப்பூரில் அது வயிற்றுப் பிரச்சினை. திருப்பூர் பனியன் ஏற்றுமதியில் பெரும் பங்கு போவது அமெரிக்காவுக்கு. திருப்பூர் இருமினால் நூற்பாலை ஊர்களுக்குக் காய்ச்சல் வரும். ராஜபாளையத்தைச் சுற்றி எத்தனை மில்கள்! சோழபுரம் போன்ற பக்கத்துக் கிராமங்களில் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு வாஷிங்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஒருவர் போடும் கையெழுத்து இங்கே ஷிப்டைக் குறைக்கும்.

இது புதிய கதை அல்ல. சுதந்திரம் வாங்கிய நாள் முதல் இந்தியா இந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. ஒரு அதிபர் கொடுப்பார், அடுத்தவர் பிடுங்குவார். ஒருவர் திட்டுவார், அடுத்தவர் தோளில் கை போடுவார். இதில் இந்தியா எங்கே ஏமாந்தது, எங்கே பிழைத்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஏன் இப்படி ஆடுகிறது?

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை. 1951-இல் வந்த 22-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ஆகவே பொதுவாக எட்டு ஆண்டுகளுக்குள் ஆள் மாறிவிடுவார்.

ஆள் மட்டுமா மாறுகிறார்? நம் நாட்டில் பிரதமர் மாறினாலும் வெளியுறவுத் துறை அதிகாரிகள் மாறுவதில்லை. அமெரிக்காவில் வெளியுறவு அமைச்சர், அவருக்குக் கீழே உள்ள மேல்மட்டப் பதவிகள், முக்கிய நாடுகளின் தூதர்கள் என ஆயிரக்கணக்கான பதவிகளுக்குப் புதிய அதிபர் தன் ஆட்களைப் போட முடியும். கம்பெனி கைமாறும்போது மேனேஜர் வரை எல்லோரும் மாறுவது போல!

இன்னொன்று. வேறு நாட்டோடு முறையான உடன்படிக்கை செய்ய வேண்டுமானால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அது கஷ்டம். அதனால் பல விஷயங்களை அதிபர்கள் தங்கள் அதிகாரத்தில், தங்கள் கையெழுத்தில் முடித்துவிடுகிறார்கள். கையெழுத்தில் வந்தது கையெழுத்திலேயே போய்விடும். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தமே நல்ல உதாரணம். 2016-இல் ஒபாமா சேர்த்தார். 2017-இல் டிரம்ப் விலகப் போவதாக அறிவித்தார். 2021-இல் பைடன் மறுபடி சேர்த்தார். 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே டிரம்ப் மறுபடி விலக உத்தரவு போட்டார். உலக வெப்பம் என்னவோ அதன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

கோதுமைக் கப்பல்கள்

இந்தியாவில் இந்த ஆட்டம் கோதுமையில் தொடங்கியது. 1950-51-இல் இந்தியாவில் கடும் உணவுப் பஞ்சம். நேரு அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டார். கொரியப் போரில் இந்தியா தன் பக்கம் நிற்கவில்லை என்ற கோபத்தில் அமெரிக்க காங்கிரஸ் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. கடைசியில் 1951 ஜூனில் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி 19 கோடி டாலர் கடனாகக் கிடைத்தது. உதவி வந்தது, ஆனால் மனக்கசப்போடு வந்தது.

1953-இல் ஐசனோவர் வந்தார். அவருடைய வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸுக்கு நேருவின் அணிசேராக் கொள்கையே பிடிக்காது. நடுநிலை வகிப்பது ஒழுக்கக்கேடு என்ற அளவுக்குப் பேசினார். 1954-இல் பாகிஸ்தானோடு ராணுவ உதவி ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியா கொதித்தது. ஆனால் அதே ஐசனோவர்தான் 1959 டிசம்பரில் இந்தியா வந்த முதல் அமெரிக்க அதிபர். 1960 மே மாதம் நான்கு ஆண்டுகளுக்கு 170 லட்சம் டன் கோதுமையும் அரிசியும் தருவதாகக் கையெழுத்திட்டவரும் அவரே. ஆள் மாறாமலே கொள்கை மாறியது!

அந்தக் கோதுமை வந்தது பி.எல். 480 என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். அமெரிக்க விவசாயிகளிடம் உபரியாகக் குவிந்த தானியத்தை வெளிநாடுகளுக்குத் தள்ளிவிடும் திட்டம் அது. இந்தியா டாலரில் பணம் கட்ட வேண்டாம், ரூபாயில் கட்டினால் போதும். அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் சேரும். கேட்க இனிப்பாக இருந்தது. அந்நியச் செலாவணி இல்லாத ஏழை நாட்டுக்கு இது வரப்பிரசாதம். தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்கு 1960-களில் 'கேர்' அமைப்பு மூலம் அமெரிக்கப் பால் பவுடரும் உணவுப் பொருட்களும் வந்தன. அன்று பள்ளிக்கூடத்தில் படித்த தாத்தா பாட்டிகளிடம் கேட்டால் அந்தப் பால் பவுடரின் ருசியை இன்றும் சொல்வார்கள்.

பிரச்சினை என்னவென்றால், மலிவாகக் கோதுமை வருகிறதே என்று உள்நாட்டு விவசாயத்துக்குக் கொடுக்க வேண்டிய கவனம் குறைந்தது. கடையில் கடன் கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் சம்பாதிப்பதை விட்டால் என்ன ஆகும்? கடைக்காரர் மாறும்வரை ஒன்றும் தெரியாது.

கடைக்காரர் மாறினார்

கென்னடி இந்தியாவின் மேல் பிரியமுள்ளவர். செனட்டராக இருந்தபோதே இந்தியாவின் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு உதவ வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர். 1963 நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட, துணை அதிபர் லிண்டன் ஜான்சன் அதிபரானார். இருவரும் ஒரே கட்சி. ஆனாலும் அணுகுமுறை வேறு.

1965 ஏப்ரலில், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியின் அமெரிக்கப் பயணத்தை ஜான்சன் திடீரென்று தள்ளிவைத்தார். செப்டம்பரில் இந்திய - பாகிஸ்தான் போர் வந்ததும் இரண்டு நாடுகளுக்கும் ராணுவ உதவியை நிறுத்தினார். எல்லாவற்றுக்கும் மேலாக, கோதுமையை மொத்தமாகத் தருவதை நிறுத்திவிட்டு, ஒரு மாதம், இரண்டு மாதத் தேவைக்கு மட்டும் அவ்வப்போது அனுமதி கொடுக்க ஆரம்பித்தார். அடுத்த கப்பல் புறப்படுமா என்பது அவர் கையில்.

அந்த நேரம் பார்த்து 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் இந்தியா ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்தது. கப்பலில் வருவது நேரே வாய்க்குப் போகும் நிலை. வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை இரவு, சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான்.

1966 ஜனவரியில் சாஸ்திரி இறந்தார். மார்ச்சில் இந்திரா காந்தி வாஷிங்டன் போனார். ஜான்சன் நன்றாகவே வரவேற்றார். ஜூன் 6-இல், அமெரிக்காவும் உலக வங்கியும் வற்புறுத்தியபடி, ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆனது. அடுத்த மாதமே இந்திரா மாஸ்கோவில் வியட்நாம் மீதான குண்டுவீச்சை எதிர்த்து அறிக்கையில் கையெழுத்திட்டார். ஜான்சனுக்குக் கோபம். கோதுமைக் கப்பல்கள் மறுபடி தாமதமாயின. ஒரு நாட்டின் வெளியுறவுக் கருத்துக்கு அந்த நாட்டு மக்களின் தட்டில் விலை வைக்கப்பட்டது!

பொள்ளாச்சிக்காரர் போட்ட கணக்கு

இந்த இடத்தில்தான் ஒரு தமிழர் வருகிறார். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த சி. சுப்பிரமணியம். 1964-இல் மத்திய உணவு, விவசாய அமைச்சர் ஆனவர்.

இறக்குமதியை நம்பினால் தப்ப முடியாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, உரம், புதிய விதை - இந்த மூன்றும் வேண்டும் என்றார். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமேனைச் சந்தித்து ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். விவசாயத்துக்கு இந்தியா முதலீட்டைக் கூட்டும், உரத் தொழிலில் தனியாரை அனுமதிக்கும் என்பவை அதில் இருந்தன. வெளியே சொன்னால் அமெரிக்காவுக்கு அடிபணிந்ததாக எதிர்ப்பு வரும் என்று அது ரகசியமாக வைக்கப்பட்டது. ஆனால் அதில் இருந்த பலவும் சி.எஸ். ஏற்கெனவே செய்ய நினைத்தவைதான்.

மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமையை கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் இந்திய வயல்களில் சோதித்துக்கொண்டிருந்தார். 1966-இல் அந்த விதை 18,000 டன் இறக்குமதி செய்யப்பட்டது. ஒரு நாடு அதுவரை அவ்வளவு விதையை ஒரே தடவையில் வாங்கியதில்லை. சோதனை சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்று மந்திரிசபையிலேயே பலர் பயந்தார்கள். சி.எஸ். டில்லியில் தன் பங்களாத் தோட்டத்தையே உழுது அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார்.

பலன்? 1964-65-இல் சுமார் 123 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-இல் 165 லட்சம் டன். 1970-71-இல் 238 லட்சம் டன்.

ஆனால் அரசியல் கணக்கு வேறு மாதிரி முடிந்தது. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் சேர்ந்து 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸைக் கவிழ்த்தன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொன்னது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். கோபிச்செட்டிபாளையத்தில் சி.எஸ்.ஸும் தோற்றார். நாட்டின் பசியைத் தீர்க்க விதை போட்டவர், அறுவடை முழுதாக வீடு வருமுன் பதவியை இழந்தார். 1998-இல் பாரத ரத்னா கிடைத்தது.

ஜான்சனின் கெடுபிடியால்தான் இந்தியா விழித்தது என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை இருக்கலாம். ஆனால் அந்த அழுத்தம் வருமுன்பே மாற்று வழியை யோசித்து வைத்திருந்த ஒருவர் இங்கே இருந்தார் என்பதே முக்கியம். நெருக்கடி யாருக்கும் வரும். அந்த நேரத்தில் கையில் திட்டம் இருக்கிறவனுக்குத்தான் அது பயன்படும்.

ஒரே கடல், இரண்டு கப்பல்கள்

1962 அக்டோபரில் சீனா தாக்கியது. இந்திய ராணுவம் பின்வாங்கியது. நவம்பர் 19 அன்று நேரு கென்னடிக்கு அவசரக் கடிதங்கள் எழுதி விமானப்படை உதவி கேட்டார். அதற்கு முன்பே அமெரிக்க ஆயுதங்கள் வர ஆரம்பித்திருந்தன. மலைப்பகுதிக்குப் படைகளையும் பொருட்களையும் கொண்டுசெல்ல அமெரிக்கப் போக்குவரத்து விமானங்களும் வந்தன. ஒரு விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பவும் கென்னடி உத்தரவிட்டார். அது வந்து சேருமுன் சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்துவிட்டது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து 1971. அதிபர் நிக்ஸன். மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் சொந்த மக்கள் மீதே பாய்ந்தது. டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், இந்தப் படுகொலையைக் கண்டிக்காமல் இருப்பது தவறு என்று தன் அரசுக்கே எதிர்ப்புத் தந்தி அனுப்பினார். பலன், அவர் பதவியிலிருந்து மாற்றப்பட்டார்! காரணம் ஜூலையில் தெரிந்தது. நிக்ஸனின் ஆலோசகர் கிஸிங்கர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாக சீனா போய் வந்தார். சீன நட்புக்குப் பாகிஸ்தான்தான் வாசல். வாசற்காரனை எப்படிக் கோபித்துக்கொள்வது?

சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். ஆகஸ்ட் 9-இல் இந்தியா சோவியத் யூனியனோடு நட்பு ஒப்பந்தம் செய்தது. டிசம்பரில் போர் மூண்டதும், நிக்ஸன் 'எண்டர்பிரைஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தலைமையில் ஒரு கடற்படைப் பிரிவை வங்கக் கடலுக்கு அனுப்பினார். 1962-இல் உதவிக்கு வரவிருந்த அதே வழியில் 1971-இல் மிரட்டல் வந்தது. இந்தியா பணியவில்லை. டிசம்பர் 16-இல் டாக்கா வீழ்ந்தது. வங்கதேசம் பிறந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1966-இல் ஜான்சன் கையில் கோதுமை என்ற சாட்டை இருந்தது. 1971-இல் நிக்ஸன் கையில் அது இல்லை. இந்தியக் களஞ்சியங்களில் தானியம் இருந்தது. சி.எஸ். போட்ட விதையின் பலன் வங்கக் கடலிலும் தெரிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொரு வேடிக்கை. பி.எல். 480 கோதுமைக்காக இந்தியா கட்டிய ரூபாய் அமெரிக்கக் கணக்கில் மலையாகக் குவிந்திருந்தது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் அதில் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடம் திருப்பிக் கொடுத்தார். அதுவரை உலகில் எழுதப்பட்ட மிகப் பெரிய காசோலை அது என்று கின்னஸில் இடம்பெற்றது. அப்போது அதிபர் யார்? அதே நிக்ஸன்!

தாராப்பூர்: காகிதத்தில் எழுதியதும் போனது

சரி, எழுத்தில் வாங்கிக்கொண்டால் பயமில்லையே என்று தோன்றலாம். அதற்குப் பதில் தாராப்பூர்.

மும்பைக்கு வடக்கே உள்ள தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் கென்னடி காலத்தில், 1963 ஆகஸ்டில் கையெழுத்தானது. 30 ஆண்டுகளுக்கு யுரேனிய எரிபொருளை அமெரிக்கா தரும் என்பது ஏற்பாடு. 1969-இல் மின் உற்பத்தி தொடங்கியது. 1974 மே 18-இல் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அது தாராப்பூர் எரிபொருளில் செய்தது அல்ல. ஆனாலும் அமெரிக்க காங்கிரஸ் விழித்துக்கொண்டது.

1978-இல் கார்ட்டர் ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். எல்லா அணு உலைகளையும் சர்வதேசச் சோதனைக்குத் திறந்துவிடாத நாட்டுக்கு எரிபொருள் கிடையாது என்றது சட்டம். பழைய ஒப்பந்தத்துக்கும் அது பொருந்துமாம்! இந்தக் கார்ட்டர் இந்தியாவின் எதிரியா என்றால், இல்லை. அவருடைய தாயார் லில்லியன் 1960-களில் மும்பைப் பகுதியில் அமைதிப் படைத் தொண்டராக வேலை பார்த்தவர். கார்ட்டர் 1978 ஜனவரியில் இந்தியா வந்தபோது ஹரியானாவில் அவர் போன கிராமம் 'கார்ட்டர்புரி' என்றே பெயர் மாற்றிக்கொண்டது. அதே பயணத்தில், இந்தியாவுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அவர் தன் அமைச்சரிடம் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது!

1980-இல் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்த பிறகு அதே கார்ட்டர், இந்தியாவுக்கு எரிபொருள் அனுப்ப வேண்டும் என்று செனட்டில் போராடி 48-க்கு 46 என்ற கணக்கில் ஜெயித்தார். பிறகு வந்த ரீகன், 1982-இல் இந்திரா காந்தியோடு பேசி, அமெரிக்காவுக்குப் பதில் பிரான்ஸ் எரிபொருள் தரும் என்று ஒரு வழி கண்டார்.

இந்தியா கற்றுக்கொண்டது என்ன? 1983 ஜூலையில் சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது. வெளிநாட்டுச் செறிவூட்டிய யுரேனியம் தேவையில்லாத வகை. இந்தியப் பொறியாளர்கள் சொந்தமாகக் கட்டியது.

பக்கத்து வீட்டுக்கும் இதே அனுபவம்தான். பாகிஸ்தான் ரகசியமாக யுரேனியம் செறிவூட்டுகிறது என்று 1979-இல் கார்ட்டர் உதவியை நிறுத்தினார். ஆப்கான் போர் வந்ததும் 40 கோடி டாலர் தருகிறேன் என்றார். ஜியா உல் ஹக் அதை வெறும் வேர்க்கடலை என்று தள்ளிவிட்டார். (கார்ட்டர் வேர்க்கடலை விவசாயி!) 1981-இல் ரீகன் 320 கோடி டாலர் தந்தார். போர் முடிந்த பிறகு, 1990-இல் மூத்த புஷ் மறுபடி நிறுத்தினார்.

மகேந்திரகிரியின் பதில்

ராஜபாளையத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி தெற்கே போனால், திருநெல்வேலி மாவட்டத்தில் மகேந்திரகிரி வருகிறது. இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் இடம்.

கனமான செயற்கைக்கோள்களை மேலே அனுப்ப கிரையோஜெனிக் இன்ஜின் வேண்டும். 1991-இல் இஸ்ரோ சோவியத் யூனியனின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு இன்ஜினும் தொழில்நுட்பமும் வாங்க ஒப்பந்தம் போட்டது. இது ஏவுகணைக்குப் பயன்படும் என்று சொல்லி 1992 மே மாதம் புஷ் அரசு இரண்டு அமைப்புகள் மீதும் தடை விதித்தது. 1993-இல் கிளிண்டன் வந்தார். கட்சி மாறியது, கொள்கை மாறவில்லை. அவர் கொடுத்த அழுத்தத்தில் ரஷ்யா பின்வாங்கியது. தயாரித்த இன்ஜினைத் தருகிறோம், செய்முறையைத் தர மாட்டோம் என்றது.

இருபது ஆண்டு உழைப்பு. 2010 ஏப்ரலில் சொந்த இன்ஜினோடு போன முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-இல் ஜி.எஸ்.எல்.வி. டி-5 வெற்றி பெற்றது.

இப்போது கட்டுரையின் முதல் வரிகளை நினைத்துப் பாருங்கள். 2025 ஜூலை 30-இல் நாசாவின் ரேடாரைச் சுமந்து போன ராக்கெட்டின் மேல் அடுக்கில் இருந்தது அந்தச் சொந்த கிரையோஜெனிக் இன்ஜின்தான். எதை இந்தியாவுக்குக் கிடைக்கவிடக் கூடாது என்று தடுத்தார்களோ, அதில்தான் அவர்கள் கருவி விண்ணுக்குப் போனது!

தடையிலிருந்து தோழமைக்கு

1998 மே மாதம் வாஜ்பாய் அரசு பொக்ரானில் மறுபடி சோதனை நடத்தியது. ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அதில் முக்கியப் பங்கு வகித்தார். கிளிண்டன் உடனே பொருளாதாரத் தடை விதித்தார். அதே கிளிண்டன் 1999 கார்கில் போரில் பாகிஸ்தானைப் பின்வாங்கச் சொன்னார். 2000 மார்ச்சில் இந்தியா வந்து நாடாளுமன்றத்தில் கைதட்டல் வாங்கினார். 2001 செப்டம்பரில் இளைய புஷ் தடைகளை நீக்கினார். 2005 ஜூலை 18-இல் மன்மோகன் சிங்கோடு அணுசக்தி உடன்பாட்டை அறிவித்தார். 2008 அக்டோபரில் அது கையெழுத்தானது. அதற்காக மன்மோகன் அரசே நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்திக்க வேண்டியிருந்தது.

இந்த உடன்பாடு ஒபாமா வந்தும் போகவில்லை, டிரம்ப் வந்தும் போகவில்லை. ஏன்? அமெரிக்க காங்கிரஸ் சட்டம் இயற்றியது. இரண்டு கட்சிகளும் ஓட்டுப் போட்டன. அணு எரிபொருள் வழங்கும் நாடுகளின் குழுவும் ஒப்புக்கொண்டது. பல தூண்களில் நின்ற கட்டடம் ஒரு தூணை ஆட்டினால் விழாது. 2014-இல் கையெழுத்தான நிசார் ஒப்பந்தமும் அப்படித்தான். ஒபாமா, டிரம்ப், பைடன், மறுபடி டிரம்ப் என்று ஆட்சிகள் மாறியும் விஞ்ஞானிகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிபரின் தனிக் கையெழுத்தில் நின்றவை? 2019 ஜூனில் இந்தியாவுக்கு இருந்த ஜி.எஸ்.பி. வரிச் சலுகையை டிரம்ப் நிறுத்தினார். ஈரானோடு ஒபாமா செய்த உடன்பாட்டிலிருந்து 2018-இல் அவர் விலகியதால், 2019 மே மாதத்தோடு இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதையே விட வேண்டியதாயிற்று. 2025-இல் ரஷ்ய எண்ணெய்க்கும் அதே கேள்வி வந்தது.

எல்லாப் பழியும் அதிபர் மேலா?

நியாயமாகப் பார்த்தால், இல்லை. 1951-இல் கோதுமையை இழுத்தடித்தது காங்கிரஸ். 1978 சட்டத்தை இயற்றியதும் காங்கிரஸ்தான். கிரையோஜெனிக் விஷயத்தில் இரண்டு கட்சி அதிபர்களும் ஒரே மாதிரி நடந்தார்கள். அமெரிக்காவின் சுயலாபம் என்ற அடித்தளம் யார் வந்தாலும் மாறுவதில்லை. எந்த வழியில் அந்த லாபத்தைத் தேடுவது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழர் பிரச்சினையில் இந்திரா காந்தி ஒரு வழியில் போனார். 1987-இல் ராஜீவ் காந்தி ஒப்பந்தம் போட்டு அமைதிப்படையை அனுப்பினார். 1990 மார்ச்சில் வி.பி. சிங் ஆட்சியில் அது திரும்பி வந்தது. டில்லியில் ஆள் மாறியபோது யாழ்ப்பாணத்து மக்கள் பட்ட பாட்டை அவர்களிடம் கேட்டால் தெரியும். பெரிய நாட்டின் தடுமாற்றம் சிறிய நாட்டில்தான் வலிக்கிறது. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வியாதி அல்ல.

முடிவாக

1951 முதல் 2025 வரையிலான கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அமெரிக்க அதிபரின் அன்பும் நிரந்தரம் இல்லை, கோபமும் நிரந்தரம் இல்லை. இரண்டையும் நம்பி வியாபாரம் செய்ய முடியாது. இந்தியா பிழைத்தது, தனக்கென்று மாற்று வைத்திருந்த இடங்களில். கோதுமைக்குச் சொந்த வயல், அணுமின்சாரத்துக்குக் கல்பாக்கம், ராக்கெட்டுக்கு மகேந்திரகிரி.

ஆனால் மூன்றுமே உடனே வந்தவை அல்ல. கோதுமைக்கு ஐந்தாறு ஆண்டுகள். கிரையோஜெனிக் இன்ஜினுக்கு இருபது ஆண்டுகள். அரசாங்கத்தால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியும். திருப்பூரில் ஆர்டர் ரத்தான சிறு முதலாளியால் முடியுமா? ஷிப்டு குறைந்த மில் தொழிலாளியால் ஒரு மாதம் காத்திருக்க முடியுமா? ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தாதே என்று சொல்வது எளிது. புதிய சந்தையைத் தேடிக்கொடுப்பது, அதுவரை வட்டிச் சுமையைத் தாங்கிக்கொள்வது, வேலை இழந்தவனுக்குக் கை கொடுப்பது - இதெல்லாம் அரசின் வேலை. சி.எஸ். தன் பங்களாத் தோட்டத்தை உழுதது போல, யாராவது ஒருவர் முன்னால் நின்று செய்ய வேண்டிய வேலை.

2029 ஜனவரியில் வெள்ளை மாளிகைக்கு அடுத்த ஆள் வருவார். அவர் இந்தியாவைப் புகழலாம், திட்டலாம். அதற்குள் இங்கே எந்த வயல் உழப்பட்டிருக்கும் என்பதுதான் கேள்வி.